கிளட்ச் கிளிப்புக்கு எந்த ஹெட்டிங்: 3926-ஆ, 7117-ஆ, 9615-ஆ?

எங்கள் ஊர்ப்பக்கம் கொண்டை ஊசி என்றால் முதலில் ரோடுதான் ஞாபகம் வரும், கல்லட்டி மலைப்பாதையில் மட்டும் 36 வளைவு. நான் சொல்ல வந்தது நிஜக் கொண்டை ஊசியையும், பற்களால் முடியைக் கவ்வும் கிளட்ச் கிளிப்பையும் பற்றி. ஊட்டியில் சீசனுக்கு விற்க, சீனாவின் யிவூவிலிருந்து தூத்துக்குடி வழியாக இறக்கினேன். சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியில் எந்த ஹெட்டிங், அதாவது சுங்க வரிப்பட்டியலில் சரக்கின் வகையைச் சொல்லும் எந்த எண் போடுவது என்பதில் மூன்று வழி இருந்தது.

முதல் வழி 3926, ‘இதர பிளாஸ்டிக் பொருட்கள்’. பிளாஸ்டிக்தானே என்று கை தானாக அங்கே போகும். ஆனால் அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக்குக்கான 39-ஆம் அத்தியாயத்தின் 2-ஆம் குறிப்பு, 96-ஆம் அத்தியாயப் பொருட்கள் (9615 அதில்தான் வருகிறது) இங்கே வராது என்று சொல்லி, உதாரணத்தில் சீப்பையே எழுதி வைத்திருக்கிறது. அதோடு அந்த வழி முடிந்தது.

அடுத்தது 7117, அதாவது கவரிங் நகை. கல் பதித்த கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்த கிளியரிங் ஏஜென்ட் (துறைமுகத்தில் சுங்க வேலைகளை முடித்துத் தருபவர்), “ஜொலிக்குதே சார், இமிடேஷன்ல போட்டுடலாமா?” என்றார். சப்ளையர் வேறு இன்வாய்ஸில் ‘ஃபேஷன் ஜுவல்லரி’ என்று அடித்துத் தொலைத்திருந்தார்.

நான் பயந்தது இதற்குத்தான். 2022 பட்ஜெட்டில் கவரிங் நகைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 400 ரூபாய் வரி என்று வைத்தார்கள், 2023-இல் அதை 600 ஆக்கினார்கள். விலையைக் குறைத்துக் காட்டுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு. பித்தளைக் கம்மலில் கிலோ விலையே அதிகம் என்பதால் அவ்வளவாக உறைக்காது, பிளாஸ்டிக்கில் அப்படியே கழுத்தைப் பிடிக்கும். ஒரு பேச்சுக்கு, கிலோ 350 ரூபாய் சரக்கு 30 கிலோ அட்டைப்பெட்டி ஒன்று, விலை 10,500. கிலோவுக்கு 400 என்றாலே வரி 12,000, 600 என்றால் 18,000. அதற்கு மேல் 10 சதவீத சமூக நல சர்சார்ஜ், அப்புறம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). சரக்கைவிட வரி பெரிசு, இதில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றும் லாரி வாடகை வேறு. எந்த டூரிஸ்ட் அதற்குக் காசு கொடுப்பார்?

ஆகவே நான் போட்டது 9615. சீப்பு, ஹேர் ஸ்லைடு (முடி கிளிப் வகை), ஹேர்பின், முடியைச் சுருட்டும் கர்லர் எல்லாம் பெயர் சொல்லியே அங்கே இருக்கின்றன. ஜொலிப்பு விஷயத்துக்கும் பதில் இருக்கிறது: 7117 இருக்கும் 71-ஆம் அத்தியாயத்தின் 11-ஆம் குறிப்பு, கவரிங் நகைக்கு விளக்கம் சொல்லும்போதே 9615-இன் ஹேர் ஸ்லைடையும் ஹேர்பின்னையும் வெளியே தள்ளிவிடுகிறது. கல் எத்தனை ஒட்டியிருந்தாலும் முடியைப் பிடிக்கும் கிளிப், கிளிப்தான். உள்ளே இரும்பு ஸ்பிரிங் இருக்கிறதே என்றும் கேட்டார்கள். பொருளுக்கு அதன் தன்மையைக் கொடுப்பது பிளாஸ்டிக் பற்கள், ஸ்பிரிங் இல்லை. ஆகவே பிளாஸ்டிக் சீப்பு, ஸ்லைடு வகைக்கான 9615 11 என்ற உட்பிரிவு. ஹேர்பின், கர்லர் 9615 90-க்குப் போகும், இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். கரண்டில் சூடாகும் கர்லர் 8516, அது வேறு கதை.

துணி சுற்றிய ஸ்க்ரன்ச்சி (முடி கட்டும் எலாஸ்டிக் பேண்டு) நான் இறக்கியதில்லை. துணி ஹெட்பேண்ட் 9615-இல் வராது, ஜவுளிப் பிரிவுக்குப் போகும் என்பதுவரை சொல்லலாம், அதற்கு மேல் அனுபவம் இல்லை. பெரிய சரக்கு, சந்தேகமும் இருக்கிறது என்றால் மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் முதலிலேயே கேட்டுவிடலாம். என் பத்துப் பெட்டிக்கு அது தேவைப்படவில்லை. அடுத்த ஆர்டரிலிருந்து சப்ளையரிடம் இன்வாய்ஸில் ‘பிளாஸ்டிக் ஹேர் கிளிப், ஸ்பிரிங்குடன்’ என்று மட்டும் எழுதச் சொல்லிவிட்டேன்.