இலவம்பாடிக் கத்தரியும் ஏழு ஆண்டு ஆர்த்தோஃபைண்டரும்

இலவம்பாடி முள்ளுக்கத்தரியைப் பறித்தவர்களுக்குத் தெரியும், அதைக் கை கிழியாமல் கூடையில் சேர்ப்பதே ஒரு வித்தை. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் என் பெரியப்பா அதைத்தான் பயிரிடுகிறார். 2022இல் வேலூர் முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "முள்ளுக்கும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள்?" என்று கேட்டவர். நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறேன். ஒரு செடியின் மரபணுவுக்கு வேறு செடிகளில் எது நேர் உறவு என்று தேடுவது என் ஆராய்ச்சி. அதற்கு 2018 முதல் ஆர்த்தோஃபைண்டர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன்.

அதற்கு முன் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கத்தரியின் புரத வரிசைகளை, ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் என்ற மென்பொருள் மூலம் நெல்லோடு ஒப்பிடுவது, நெல்லைத் திரும்பக் கத்தரியோடு ஒப்பிடுவது, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முதலிடத்தில் காட்டினால் அவை ஜோடி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உறவு அப்படி ஜோடி ஜோடியாக வருவதில்லை.

பெரியப்பாவுக்கு இதை இப்படி விளக்கினேன். ஊர் என்பது செடி இனம், வழி என்பது மரபணு. ஓர் ஊரில் அண்ணன், தம்பி என இரண்டு தலைக்கட்டு. ஊர் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு ஊரிலும் இரண்டு வழியினரும் இருக்கிறார்கள். இந்த ஊர் அண்ணன் வழியும் அந்த ஊர் அண்ணன் வழியும் ஆர்த்தோலாக். அண்ணன் வழியும் தம்பி வழியும் பாராலாக். வால்டர் ஃபிட்ச் 1970இல் கொடுத்த பெயர்கள் இவை. இப்போது ஓர் ஊரில் அண்ணன் வழி அற்றுப்போய்விட்டால்? மறு ஊரிலிருந்து அண்ணன் வழிக்காரர் சொந்தம் தேடி வந்தால், மிஞ்சியிருக்கும் தம்பி வழியைத்தான் காட்டுவார்கள். முதலிடத்தை மட்டும் பார்க்கும் முறை ஏமாறுவது இங்கேதான். "பங்காளிக் கணக்கை முகச்சாயலை வைத்தா போடுவார்கள்? வம்சாவளியைத்தானே பார்க்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஆர்த்தோஃபைண்டர் அந்த வம்சாவளியை வரைகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு புரதக் கோப்பு. எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். டயமண்ட் என்ற வேகமான தேடுபொறியால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடும். நீளமான புரதங்களுக்கு இயல்பாகவே கூடுதல் மதிப்பெண் விழும் சாய்வைச் சரிசெய்யும். பிறகு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மரபணு மரம் வரையும். இனங்களின் மரத்தையும் தானே கணித்து, இரண்டையும் பொருத்தி, எந்தக் கிளை இனப் பிரிவால் வந்தது, எது ஓர் இனத்துக்குள்ளேயே மரபணு இரட்டிப்பதால் வந்தது என்று சொல்லும். தக்காளி, கத்தரி வகையறாக்களின் மூதாதையில் முழு மரபணுத்தொகுதியே மும்மடங்காகியிருக்கிறது. அதனால் நெல்லின் ஒரு மரபணுவுக்கு இங்கே இரண்டு மூன்று பேர் சம உரிமையோடு நிற்பார்கள். பழைய முறை அதில் ஒருவரை மட்டும் காட்டிவிட்டு மற்றவர்களை மறைத்துவிடும்.

செலவு நேரத்தில்தான். எட்டு இனங்கள் என்றால் 64 ஒப்பீடுகள், பன்னிரண்டு என்றால் 144. எட்டு இனங்களுக்கு என் பழைய 16 ஜிபி கணினி ஓர் இரவு முழுக்க ஓடும். வேலூரின் கத்திரி வெயிலில் பகலில் ஓட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன். தேடல் முழுவதும் முடிந்திருந்தால் அந்த இடத்திலிருந்து தொடரலாம். பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான். யூபிஎஸ் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

பெரிய அடி என் கவனக்குறைவால் விழுந்தது. ஒரு மரபணுவிலிருந்து பல வடிவப் புரதங்கள் வரலாம். கோப்பில் எல்லாமே தனித்தனி வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாமல் அப்படியே கொடுத்தேன். மிளகாயில் ஒரு குடும்பம் பல மடங்கு பெருகியிருப்பதாக முடிவு வந்தது. இரண்டு வாரம் அந்தக் கண்டுபிடிப்போடு தலைநிமிர்ந்து நடந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒரே ஆளை அரைக்கை சட்டையிலும் முழுக்கை சட்டையிலும் தனித்தனியாக எண்ணியிருக்கிறேன் என்று. நீளமான வடிவத்தை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு நிரல் மென்பொருளோடேயே வருகிறது. அதை ஓட்டாமல் தொடங்காதீர்கள்.

இன்னொரு பாடம் வேர்க்கடலையிடம். நம் மாவட்டப் பயிராயிற்றே என்று சேர்த்தேன். அது இரண்டு காட்டுச் செடிகளின் கலப்பில் பிறந்தது. பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு படியாக, அதாவது இரண்டு நகலாக இருக்கும். எல்லா இனங்களிலும் ஒரே படியாக உள்ள மரபணுக்களின் பட்டியல் அதோடு சுருங்கிப்போனது. அந்தப் பட்டியலை நம்பி வேலை செய்பவர்கள் இத்தகைய பயிரைத் தனியே ஓட்டுவது நல்லது.

2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வைப் படித்தபோது கை பரபரத்தது. கத்தரியிலும் அதன் உறவுச் செடிகளிலும் முள் மறைந்ததற்கு 'லோன்லி கை' (Lonely Guy, தனி ஆள்) என்ற மரபணுவின் பழுதுதான் காரணம், ரோஜா முள்ளிலும் அதே குடும்பம் என்று காட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் 2007இல் நெல்லிலிருந்து வந்தது. இந்த மரபணு பழுதான நெற்பூவில் பல நேரம் ஒற்றை மகரந்தத்தாள்தான் நிற்கும். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதியை உருவாக்குவது அந்த மரபணு. உடனே என் பழைய முடிவுகளைத் திறந்தேன். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் மட்டுமே இந்தக் குடும்பத்தில் ஒன்பது பேர். குழுப் பட்டியலை மட்டும் பார்த்தால் சந்தைக்கூட்டம்தான். மரத்தைத் திறந்து கிளை கிளையாக இறங்கினால்தான் ஆள் தெரியும். புதியவர்கள் பழைய குழுப் பட்டியலை விட்டு, மரபணு மரத்தின் கிளைகளைப் பார்த்துப் பிரித்த படிநிலைக் குழுக்கள் உள்ள கோப்பிலிருந்து தொடங்குங்கள். உறவு சரியாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள்; நெல்லில் பூவுக்கு உதவியது இங்கே முள்ளுக்குப் போயிருக்கிறது.

பெரியப்பாவிடம் இதையும் சொன்னேன். "அப்படியானால் முள் இல்லாமல் செய்துவிடலாமா அம்மா?" என்று கேட்டார். "உங்கள் கத்தரிக்கா?" என்றேன். கையில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "நம்முடையதற்கு வேண்டாம், பக்கத்து ஊருக்குச் செய்" என்றார்.