வேதியியல், அரசியல் சிந்தனை, கல்வியியல்: எந்த பி.எச்.டி.யில் சேரலாம்?

பி.எச்.டி. செய்கிறவருக்கு ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆகும்போது 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. வேதியியல், அரசியல் அறிவியல், கல்வியியல் மூன்றுக்கும் இதே தொகைதான். மூன்று பி.எச்.டி.க்கும் இருக்கிற ஒற்றுமை ஏறக்குறைய இதோடு முடிந்துவிடுகிறது.

இந்த மூன்றையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் பார்ப்பார்கள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வீட்டில் சொன்னதால் பி.எட்., எம்.எட். வரை போனவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களிலேயே யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கும்போது தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. அரசியல் அறிவியலையும் முடித்து வைத்தவர்கள் உண்டு. இந்த உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான நெட் தேர்வை எந்தப் பாடத்தில் எழுதுவது என்ற இடத்தில்தான் குழப்பம் தொடங்கும். வேதியியலுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், மூன்றாம் பகுதி ஆளை உலுக்கிவிடும். மற்ற இரண்டுக்கும் யு.ஜி.சி. நெட், கழிப்பு கிடையாது. அதனால் 'எது சுலபமோ அதை எழுது' என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்று மணி நேரப் பரீட்சையை வைத்து ஐந்தாறு வருட வாழ்க்கையை முடிவு செய்கிற யோசனை அது.

எந்தப் பாடம் பிடிக்கும் என்பது உங்கள் விருப்பம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நாளைக்கு உங்கள் வேலை நடக்குமா நடக்காதா என்பது யார் கையில் இருக்கிறது? வேதியியலில் அது கைடின் (ஆய்வு வழிகாட்டியின்) புராஜெக்ட் பணத்திலும் கருவிக்கூடத்திலும் இருக்கிறது. கல்வியியலில் பள்ளிக்கல்வித் துறை அலுவலகத்தில் இருக்கிறது. அரசியல் அறிவியலின் ஒரு பிரிவான அரசியல் சிந்தனையில் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதில் வேறு விதமான ஆபத்து உண்டு.

வேதியியல்

முதல் வருடம் ஆர்வத்தில் ஓடிவிடும். ரியாக்ஷன் போட்டு, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் புள்ளி வைத்து, 254 நானோமீட்டர் யு.வி. விளக்கில் பார்த்து, புதிதாக ஒரு ஸ்பாட் தெரிந்தால் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுக்கத் தோன்றும். அப்புறம் 'காலம்' (column) ஓட்டிக் கலவையைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். சிலிக்கா ஜெல், ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் கரைப்பான்கள், வரிசையாகச் சோதனைக்குழாய்கள், நின்று நின்று வலிக்கும் கால். பிரித்தெடுத்ததை, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கு அனுப்பினால் வரும் வரைபடத்தில் 1.26, 2.05, 4.12 என்று மூன்று இடத்தில் உச்சி தெரியும். புதியவர்கள் அதைத் தங்கள் சேர்மத்தின் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். சீனியர் எட்டிப் பார்த்து, 'எத்தில் அசிட்டேட் போகலப்பா, இன்னொரு தடவை வேக்யூம்ல போடு' என்பார்.

இந்தத் துறையின் பெரிய வசதி இதுதான்: தோற்றால் அன்றைக்கு சாயங்காலமே தெரிந்துவிடும். தோல்வி நிறைய, ஆனால் சின்னச் சின்னது. பக்கத்து மேசையில் அதே தோல்வியைப் போன வருடம் பார்த்த ஒருவரும் இருப்பார்.

தொல்லை பணத்தில். யு.ஜி.சி. தரும் கன்டின்ஜென்சி (சில்லறைச் செலவுத் தொகை) முதல் இரண்டு வருடம் அறிவியலுக்கு வருடம் 12,000 ரூபாய், கலைப் பாடங்களுக்கு 10,000. அரசியல் மாணவருக்கு 10,000 என்பது நகல் எடுக்கவும் பயணத்துக்கும் ஓரளவு போதும். வேதியியலில் அந்த 12,000, என்.எம்.ஆர்.க்கு வேண்டிய டியூட்டரேட்டட் கரைப்பான் சில குப்பி வாங்கினாலே தீர்ந்துவிடும். மிச்சத்தை கைடின் புராஜெக்ட்தான் தாங்க வேண்டும். அது முடிந்து அடுத்தது வராத இடைவெளியில் லேபே படுத்துவிடும். சொந்தமாக என்.எம்.ஆர். இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் மாதிரியைக் குப்பியில் அடைத்து வெளியே அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகவே வேதியியலில் கைடின் பெயரைவிட அவருடைய புராஜெக்ட் எந்த வருடம் முடிகிறது என்பது முக்கியம். நேர்காணலில் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்கத்தான் வேண்டும்.

அரசியல் சிந்தனை

இங்கே மூலதனம் கண்ணும் பொறுமையும். தமிழ்நாட்டு அரசியல் சிந்தனையை எடுத்துக்கொண்டால் கச்சாப்பொருள் குவிந்து கிடக்கிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, பிறகு 'தமிழன்' ஆன வார இதழ். 1925 மே மாதம் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடி அரசு'. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைக் கட்டுகள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்து வைத்ததை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதில் பிறந்த நூலகம் அது. 1994ல் சென்னையில் தொடங்கியது. (காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைய 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த அழகப்பச் செட்டியாரும் அதே கோட்டையூர்க்காரர்தான். கல்வியியல் கல்லூரியும் அவர் தொடங்கியதில் உண்டு. நான் ஒப்பிடுகிற மூன்று துறைக்கும் அந்த ஒரு ஊர் கடன் கொடுத்திருக்கிறது.)

மூலம் கையில் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 'குடி அரசு' கட்டுரை ஒன்றில் எழுதியவர் பெயர் இல்லை. அது பெரியார் எழுதியதா, ஆசிரியர் குழுவில் வேறு யாராவது எழுதியதா? 'சித்திரபுத்திரன்' என்று கீழே போட்டிருந்தால் அது அவருடைய புனைபெயர் என்று தெரியும். ஒன்றுமே போடாத தலையங்கத்தை என்ன செய்வது? நடையை வைத்துச் சொல்வதா, அந்த வாரம் அவர் எந்த ஊரில் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்பதை வைத்துச் சொல்வதா? 'பெரியார் 1930களில் இப்படிச் சொன்னார்' என்று ஒரு வரி எழுதுவதற்குள் பத்து நாள் போய்விடும். இன்னொரு சிக்கல், தொலைந்துபோன பத்திரிகைகள். அவற்றில் பலவற்றை ஆங்கில அரசு வாரா வாரம் தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகள் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. அது அரசு மொழிபெயர்ப்பாளர் எழுதிய ஆங்கிலச் சுருக்கம். அரசுக்கு எது ஆபத்தாகப் பட்டதோ அது அதில் இருக்கும். எழுதியவருக்கு எது முக்கியமோ அது இல்லாமல் போயிருக்கும். அந்தச் சுருக்கத்தை மூலம் மாதிரி மேற்கோள் காட்டிவிட்டுப் போகிற ஆய்வேடுகள் குறைவில்லை.

இந்தத் துறையை நான் உசத்தியாகப் பேசுவதற்குக் காரணம் இந்த மாதிரிச் சிக்கல்களைத் தீர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதே. காப்பகத்துக்கு ஒரு கடிதம், நூலகத்துக்கு ஓர் உறுப்பினர் அட்டை, அவ்வளவுதான். கைடு ஒரு மாதம் வெளியூர் போனாலும் வேலை நிற்காது.

ஆபத்து என்று சொன்னேனே, அது தோல்வி தாமதமாகத் தெரிவது. வேதியியலில் சாயங்காலம் தெரிவது இங்கே மூன்றாவது வருடம் தெரியும். நோட்டு நோட்டாகக் குறிப்பு எடுத்திருப்பீர்கள். முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் சொல்வதற்குக் கேள்வியே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். கூட வேலை செய்கிறவர் கிடையாது. யாரும் தேட மாட்டார்கள். 'காப்பகத்துக்குப் போயிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே ஒரு செமஸ்டரைக் கழித்துவிடலாம், உங்களையே ஏமாற்றிக்கொள்ளலாம். கைடு எண்ணிக்கையும் குறைவு. பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 என்று வரம்பு இருப்பதால், நீங்கள் விரும்பும் கைடிடம் இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டிவரும்.

கல்வியியல்

மூன்றில் எனக்கு அதிக ஆதங்கம் இதன் மேல்தான். தமிழ்நாட்டில் ஆராய்வதற்கு இவ்வளவு இருந்தும் இவ்வளவு குறைவாக ஆராயப்படும் துறை வேறு இல்லை. 2022ல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒரே வகுப்பில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மொட்டிலிருந்து மலருக்கு எந்தக் குழந்தை சீக்கிரம் போகிறது, எது அங்கேயே நிற்கிறது, டீச்சர் எதைப் பார்த்து நிலையை மாற்றுகிறார் என்று ஒரு வருடம் ஒரே பள்ளியில் உட்கார்ந்து பார்த்தால் அருமையான ஆய்வேடு கிடைக்கும். ஆனால் வருகிற தலைப்புகளைப் பாருங்கள்: பி.எட். மாணவர்களின் மனப்பான்மை, மேல்நிலை மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவு. ஆண் பெண், நகரம் கிராமம், அரசு தனியார் என்று பிரித்து, இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிட ஒரு டி-சோதனை. மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார்.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. அரசுப் பள்ளிக்குள் ஆய்வுக்காக நுழைய முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். கடிதம் நகர்வதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும், பிறகு அரையாண்டு, பொங்கல், பொதுத்தேர்வு. முன் தேர்வு, எட்டு வாரம் புதிய முறையில் கற்பித்தல், பின் தேர்வு என்று திட்டம் போட்டால் அதற்கு முழுசாக இடம் தரும் பருவம் வருடத்தில் ஒன்றோ இரண்டோதான். தவறவிட்டால் அடுத்த ஜூன் வரை காத்திருப்பு. வினாத்தாளைக் கொடுத்து அரை மணியில் வாங்கிவரும் சர்வேயை எல்லோரும் ஏன் நாடுகிறார்கள் என்று இப்போது புரியும்.

அந்த சர்வேயிலும் ஒரு வினாத்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். 'கணக்கு எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்'. நாலு வரி தள்ளி 'கணக்கு வகுப்பு என்றாலே எனக்குப் பயம்' என்பதற்கும் அதே பத்தியில் டிக். நாற்பது கேள்விக்கும் மேலிருந்து கீழே ஒரே நேர்கோடு. மணி அடிக்கப்போகிறது, பையன் என்ன செய்வான்! இப்படிப்பட்ட தாள்களைக் களையாமல், எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பாமல் கணினியில் ஏற்றினால் என்ன முடிவு வரும் என்று சொல்லத் தேவையில்லை. பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் நம்பகத்தன்மைக் கெழு, போதும் என்று கருதப்படும் 0.7ஐத் தாண்டியது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவார்கள். தாள்களைப் பார்த்தவர் யார்?

ஆனால் ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்க்கிறவருக்கு இந்தக் கதை அப்படியே மாறும். அவர் தினமும் வகுப்புக்குள்தான் இருக்கிறார். துறை அனுமதியை ஒருமுறை வாங்கிவிட்டால் வருடம் முழுக்கக் குழந்தைகள் கண்முன். பகுதிநேர பி.எச்.டி. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி அனுமதிக்கப்படுகிறது, வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். உயர்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வை மாநில அரசு 2020ல் நிறுத்திய பிறகு சம்பளத்துக்காகச் சேர்கிறவர்கள் குறைந்தார்கள். துறைக்கு அது நல்லதுதான் என்று சொன்னால் ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள்.

கால அளவு, குடும்பம், வேலை

அதே விதிமுறைப்படி பி.எச்.டி.க்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, நீட்டிப்பு 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2, ஆக மொத்தம் 10. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள். காகிதத்தில் மூன்று துறைக்கும் ஒன்றுதான். நடப்பில் கர்ப்பிணி ஒருவர் கருவுக்கு ஆபத்தான டி.எம்.எஃப். மாதிரிக் கரைப்பான்களிலிருந்து விலகி நிற்க வேண்டும், அப்படியானால் லேபில் அவர் வேலை அந்த மாதங்களில் நிற்கிறது; சக மாணவர்கள் கைகொடுத்தால் உண்டு. அரசியல் சிந்தனையில் வீட்டிலிருந்து எழுதலாம். இதை எந்த வழிகாட்டிக் கையேடும் சொல்வதில்லை.

வேலை விஷயத்தில் வேதியியல் எளிதாக ஜெயிக்கிறது. ஏறக்குறைய எல்லா அறிவியல் கல்லூரியிலும் வேதியியல் துறை உண்டு, ஹைதராபாத், பெங்களூர் மருந்து நிறுவனங்கள் உண்டு, வெளிநாட்டுப் போஸ்ட்டாக் (பி.எச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) உண்டு. அரசியல் அறிவியல் துறை உள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் குறைவு, ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் அறிவிப்பு வந்தாலும் இடம் விரல்விட்டு எண்ணலாம். கல்வியியலுக்கு பி.எட். கல்லூரிகள் நிறைய, முதல்வர் பதவிக்கு பி.எச்.டி. தேவை, ஆனால் தனியார் கல்லூரிச் சம்பளத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு பி.எச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது மாநில அளவிலான செட் போதும் என்று யு.ஜி.சி. மாற்றியதால், வேலைக்காக மட்டும் சேர்வது மூன்றிலுமே பலவீனமான காரணமாகிவிட்டது.

என்னிடம் கேட்டால்: பணம் ஓடுகிற லேபில், ஜே.ஆர்.எஃப்.போடு இடம் கிடைத்தால் வேதியியல். லேப் சுமார்தான், ஆனால் ஜே.ஆர்.எஃப். இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பீர்கள் என்றால் அரசியல் சிந்தனை. இரண்டாம் தர லேபைவிட முதல் தரக் காப்பகம் மேல். கல்வியியலுக்கு, வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்த அனுபவம் இல்லாதவர்கள் போக வேண்டாம். எம்.எட். இருக்கிறதே என்பதற்காகப் போகவே வேண்டாம். மூன்று துறையிலும் கைடைப் பார்க்கப் போகுமுன், அவரிடம் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். நாலைந்து ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றையொன்று நகல் எடுத்தது மாதிரி இருந்தால் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.