பழைய ஏசியை வைத்திருப்பதா, மாற்றுவதா? வன்னி வீடுகளில் நீண்டகாலப் பாவனை

2010க்குப் பிறகு கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் எழும்பின வீடுகளில் அப்போது பூட்டின ஏசிகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அனேகமானவை 12,000 பீடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு), இன்வேற்றர் (கொம்பிறெசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வகை) இல்லாதவை, ஆர்-22 என்ற பழைய வகைக் காஸில் ஓடுபவை. "பழசாப் போச்சு, மாத்துங்கோ" என்று கடையில் சொல்வதற்கு வயது ஒரு காரணம் ஆகாது. காஸை அழுத்தும் கொம்பிறெசர் நல்லாக இருந்தால், எங்கே காஸ் ஒழுகுகிறது என்பதுதான் முடிவைச் சொல்லும்.

முதலில் ஒரு வெப்பமானி போதும். கதவைச் சாத்தி, குளிர் நிலையில், காற்றாடியைக் கூடிய வேகத்தில் வைத்து இருபது நிமிடம் ஓட விடுங்கள். மேலே உள்ளிழுக்கும் காற்றுக்கும் கீழே வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் பிழையில்லை. அப்படியிருந்தும் அறை குளிரவில்லையென்றால் கூரையைப் பாருங்கள். சீற் கூரைக்குக் கீழே சீலிங் அடிக்காத அறைக்குப் புது ஏசி வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை.

வித்தியாசம் ஆறுக்குக் கீழே போனால், காஸ் என்று ஓடுவதற்கு முன்னர் தூசியைப் பார்க்க வேண்டும். கிரவல் வீதியோரத்து வீடுகளில் வெளி யூனிற்றின் தகடுகளுக்கிடையில் செம்மண் அப்பிப்போயிருக்கும். காலபோக அறுவடை நேரம் பதரும் சுணையும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பிரேக்கரை நிற்பாட்டி, மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே இறுகும். வாகனம் கழுவும் பிறஷர் மெசின் வேண்டாம், தகடு மடிந்துவிடும். பூநகரிப் பக்கம் போலச் சவர்த் தண்ணீர் உள்ள இடத்தில் மழைத்தண்ணீர் அல்லது பவுசர் தண்ணீர் பாவியுங்கள். உள் பில்ற்றரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவ வேண்டும். பில்ற்றர் அடைத்தாலும் குழாயில் பனி படியும், காஸ் குறைந்தாலும் பனி படியும். பனியைக் கண்டவுடனே காஸ் அடிக்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஏசி "ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுபோவது அடுத்த பொது வருத்தம். அனேகமாகக் கொம்பிறெசரைத் தொடக்கிவிடும் மின்தேக்கியான கப்பாசிற்றர்தான். 12,000 பீடியூ இயந்திரத்துக்கு 30 அல்லது 35 மைக்ரோபரட், 450 வோல்ற் வரும். மேல்மூடி வீங்கியிருந்தாலோ, மீற்றரில் எழுதியதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினாலோ மாற்றுங்கள். தொடுவதற்கு முன் மின்னேற்றத்தை இறக்க வேண்டும், கரண்ட் நிற்பாட்டின பிறகும் அது அடிக்கும்.

புதுக் கப்பாசிற்றரும் அடிக்கடி போனால் குற்றம் லைனில். இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற், ஆறு வீதம் கூடவோ குறையவோ செய்யலாம். அதாவது 216க்குக் கீழே இறங்கக்கூடாது. லைன் முடிவில் இருக்கும் வீடுகளில் பொழுதுபட எல்லோரும் விளக்கும் பம்பும் போடும்போது இது 190க்கும் வரும். சாதாரணக் கொம்பிறெசர் தொடங்கும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வோல்ற்றேஜ் இல்லையென்றால் சுற்றாமல் சூடாகிக் காந்தும். வீட்டு மெயின் போட்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் குறைந்தபட்சம், தூரம் கூடினால் 4. வீட்டு வயரிங் சரியாயிருந்தும் மெயின் போட்டிலேயே குறைந்தால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும்.

இனிக் காஸ். ஏசி காஸைத் "தின்னாது". குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வெளி யூனிற்றின் வால்வ் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிக் கறுத்த வளையம் தெரிந்தால் அதுதான் இடம். சவர்க்கார நுரை பூசினால் குமிழி வரும். குழாய் வாயைத் திரும்ப விரித்து இறுக்கினால் சரி. சின்னச் செலவு, ஏசியை வைத்திருங்கள். உள் யூனிற்றில் காஸ் ஓடும் குழாய்ச் சுருளான கொயிலே பொத்திருந்தால் கதை வேறு. முல்லைத்தீவு, மன்னார் கரையோரத்து உப்புக் காற்று வெளிக் கொயிலின் அலுமினியத் தகட்டையும் பொடியாக்கும். ஆர்-22, ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி, வளர்முக நாடுகளில் 2030 அளவில் ஏறத்தாழ முற்றாக நிற்கப்போகிற காஸ். அதற்காக ஒரு கொயிலை மாற்றி, வருடாவருடம் காஸும் நிரப்புவது வீண். அதே இயந்திரத்தில் ஆர்-410ஏ என்ற புது வகைக் காஸை ஏற்றலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அழுத்தமும் வேறு, எண்ணெயும் வேறு.

கரண்ட் கணக்கு இப்படி. பழையது 1.1 கிலோவாற். இரவில் எட்டு மணித்தியாலம், இடையிடையே நின்று ஓடினாலும் ஐந்தரை அலகுக்குக் குறையாது. மாதம் 165 அளவில். அதே அறையில் இன்வேற்றர் 90 - 110. வீட்டின் மற்றப் பாவனை 70 அலகென்றால், பழையதோடு 235, புதியதோடு 180 வரம்பை ஒட்டி நிற்கும். 180க்கு மேலேதான் கூடிய கட்டணப் படி என்பதால் மிச்சம் பில்லில் தெரியும். விருந்தாளிகள் வந்தால் மட்டும் போடுகிற ஏசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பழையதே போதும்.

இன்வேற்றர் மெதுவாகத் தொடங்குவதால் குறைந்த வோல்ற்றேஜுக்கு நல்லது. அதன் பலவீனம் வெளி யூனிற்றின் மின்பலகை. பல்லி உள்ளே போய்ச் சுட்டு ஒட்டிக்கொண்டால் பலகையும் சேர்ந்து போகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிக்கு மின்னல் பாதுகாப்பான் பூட்டுங்கள், அதோடு பிரேக்கரையும் நிற்பாட்டுங்கள். றிமோட்டில் நிற்பாட்டினால் பலகைக்குக் கரண்ட் போய்க்கொண்டேயிருக்கும். வயர் நுழையும் ஓட்டையைப் பல்லி போகாத அளவுக்கு அடைத்து விடுங்கள், காற்றோட்டத் துவாரங்களை அடைக்க வேண்டாம்.

மாற்றும்போது பழைய குழாயோடு பூட்டச் சம்மதிக்காதீர்கள். பழைய எண்ணெய் உள்ளே நிற்கும். புதுச் செப்புக் குழாய், வக்கூம் பம்பால் அரை மணித்தியாலமாவது உறிஞ்சல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். காஸைத் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடிக்கிற ஆளை வேலைக்கு வைக்க வேண்டாம். வெளி யூனிற்றை மேற்குச் சுவரில் மாட்டினால் பின்னேர வெயிலும் கச்சான் காற்றும் நேரே அடிக்கும். வடக்குச் சுவர், பின்னால் ஒரு சாண் இடைவெளி, முன்னால் மறைப்பில்லாத வெளி. பழையதை இரும்புக்காரருக்குக் கொடுக்க முன், காஸைச் சிலிண்டரில் மீட்டெடுக்கச் சொல்லுங்கள்.