கிரேன் வாடகையோடு ‘அனுமதியும் எங்கள் பொறுப்பு’ என்பவர்களிடம் எச்சரிக்கை

எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடிக்குக் குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை ஏற்றும் வேலையை, கிரேன் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். வளாகத்துக்குள் இடமில்லாததால் கிரேன் பொதுச் சாலையில்தான் நின்றாக வேண்டும். அதற்கான அனுமதிகள் அனைத்தையும் தாங்களே பெற்றுவிடுவதாகச் சொல்லி, அதற்கெனத் தனித் தொகையையும் முன்பணத்தோடு வாங்கிக்கொண்டனர். குறித்த நாளில் கிரேன் தாங்குகால்களை விரித்து நின்ற பிறகு சாலைத் துறை ஆய்வாளர் வந்து ஆவணங்களைக் கேட்டபோது அவர்கள் நீட்டியது அனுமதி ஆணை அன்று, விண்ணப்பம் பெறப்பட்டதற்கான வெறும் ஒப்புகைச் சீட்டு. அதிலிருந்த பதிவெண்ணும் வந்து நின்ற வண்டியுடையது அன்று. வேலை அங்கேயே நிறுத்தப்பட்டது. காத்திருப்பு வாடகையை எங்கள் தலையில் கட்டப் பார்த்த அந்த நிறுவனம், அனுமதிக்கென வாங்கிய பணத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை.

“எண் மட்டும்தான் வேறு, வண்டியின் திறன் ஒன்றுதான்” என்று அவர்கள் சொன்ன சமாதானம் ஏற்கத்தக்கதன்று. 50 டன் கிரேன் என்றால் அது எங்கும் 50 டன் தூக்கும் என்று பொருளில்லை. சுமை வண்டிக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டுமே அந்த அளவு பொருந்தும், பூம் (கிரேனின் நீளும் கை) நீண்டு சுமை விலக விலகத் தூக்குதிறன் வேகமாகச் சரிந்துவிடும். கொக்கி, ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் பட்டை அல்லது கம்பிவடம்), ஷாக்கிள் (அதைக் கொக்கியோடு பிணைக்கும் இரும்பு வளையம்) ஆகியவற்றின் எடையும் சுமையோடு சேர்த்தே கணக்கிடப்படும். ஒவ்வொரு வகை வண்டிக்கும் லோடு சார்ட் (எவ்வளவு தொலைவில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை) தனித்தனி என்பதால், ஒரு வண்டிக்கு எழுதிய தூக்குதல் திட்டத்தைக் காட்டி இன்னொரு வண்டியை இயக்குவது, வேறொருவருடைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதைப் போன்றது.

தரையின் கதை இன்னும் மோசம். சுமையோடு பூம் திரும்பும்போது மொத்த எடையின் பெரும்பகுதி ஒரே தாங்குகாலின் மீது இறங்கக்கூடும். ஒரு கால் 10 டன் அழுத்துகிறது, அதன் கீழே நீளமும் அகலமும் அரை மீட்டர் கொண்ட சதுரப் பலகை இருக்கிறது என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 40 டன் அழுத்தம் சாலையின் மேல் விழுகிறது; பலகையை ஒரு மீட்டர் சதுரமாக்கினால் அது 10 டன்னாகக் குறைந்துவிடும். சாலைக்குக் கீழே வடிகாலோ குடிநீர்க் குழாயோ மின் கேபிளோ ஓடுகிறதா என்று அனுமதி வழங்கும் அலுவலகம் கேட்பது இதற்காகத்தான். எங்களுக்கு வந்த வண்டியின் ஒரு கால், வடிகால் மூடியை ஒட்டி, ஒரு பழைய மரத்துண்டின் மேல் ஊன்றப்பட்டிருந்தது. ஆய்வாளர் தடுத்தது நல்லதே என்று இப்போது தோன்றுகிறது.

இத்தகைய நிறுவனங்கள் ‘அனுமதி’ என்று ஒருமையில் பேசுவதையே சந்தேகிக்க வேண்டும். சாலையை அடைக்கவும் போக்குவரத்தைத் திருப்பிவிடவும் பெறும் ஒப்புதல் வேறு. கிரேனின் பரிசோதனைச் சான்றிதழும் ஆபரேட்டரின் தகுதிச் சான்றும் வேறு. அருகில் மின்கம்பி சென்றால் மின் விநியோக நிறுவனத்தையும், விமான நிலையத்துக்கு அருகில் என்றால் விமானப் போக்குவரத்துத் துறையையும் அணுக நேரலாம். அண்டை வீட்டாரின் இடத்துக்கு மேலே பூம் சுழலுமானால் அவர்களுடைய சம்மதத்தையும் கேட்க வேண்டியிருக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், விபத்து நேரும்போது இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடக்கூடும்.

ஆகவே, அனுமதி ஆணையின் நகலை முன்கூட்டியே வாங்கி, அதன் எண்ணை வழங்கிய அலுவலகத்திலேயே நேரடியாகச் சரிபாருங்கள். இடம், தேதி, நேரம், வண்டியின் பதிவெண் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். அனுமதிக்கான தொகையை ஆணை கைக்கு வந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விலைப்புள்ளியின் அடியில் ‘குறிப்பிட்ட வண்டி அல்லது அதற்கு இணையான வண்டி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். வண்டியை மாற்றியதற்கு அந்த நிறுவனம் எங்களிடம் காட்டிய ஒரே ஆதாரம் அந்த வரிதான்.