வெள்ளவத்தை பல்கனியில் கற்றாழை: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

கற்றாழை சாகவே சாகாத செடி என்று சொல்லித்தான் எல்லோரும் கன்று தருவார்கள். ஊரில் வேலியோரம் அது தானாக வளர்ந்து கிடப்பது உண்மைதான். ஆனால் கடலைப் பார்த்த தொடர்மாடியில் பல வருடங்களாக வளர்த்ததில் சொல்கிறேன்: கொழும்பில் அதைக் கொல்வது வெயில் இல்லை, மழை.

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் வெள்ளவத்தையில் மழை நேராக விழாது. கடல் பக்கமிருந்து சரிந்து பல்கனிக்குள்ளேயே அடிக்கும். சாடி காயவே காயாது. மேலே இலை பச்சைப்பசேலென்று தடித்திருக்கும். அடியைத் தொட்டால் கொழகொழத்து, இழுத்த இழுப்பில் நாற்றத்தோடு கையில் வந்துவிடும். அதனால் மே பிறந்ததும் சாடிகளை உள்சுவர் ஓரம் நகர்த்திவிடுவேன். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழைக்கும் அதே ஏற்பாடுதான்.

பிளாஸ்டிக் சாடியைவிட மண்சாடி எவ்வளவோ மேல், ஈரத்தைச் சுவர் வழியாகவே விட்டுவிடும். அடியில் உடைந்த செங்கல், மேலே ஆற்றுமணல் பாதி, மீதி மண்ணும் கொஞ்சம் கூட்டெருவும். கீழே தட்டு வைக்கக் கூடாது. இலை மெலிந்து உட்பக்கம் மடங்கினால் தண்ணீர் ஊற்றலாம், அதுவரை பேசாமல் விடுங்கள். நிழலில் இருந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் செம்பழுப்பாகிவிடும். பயப்பட வேண்டாம், நிழலுக்கு மாற்றினால் மெல்லப் பச்சைக்குத் திரும்பும்.

பத்தரமுல்லை தியத உயன பக்கத்துச் செடிக் கடைகளில் அதன் சிங்களப் பெயரான 'கோமாரிகா' என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்குவானேன்? வளர்ந்த செடி உள்ள எந்த வீட்டிலும் பக்கக் கன்று இருக்கும். ஒரு சாண் உயரமும் சொந்த வேரும் உள்ளதாகப் பார்த்துப் பிரித்து, வெட்டுக்காயம் காய இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு நடுங்கள். வீடியோக்களில் காட்டுகிற மாதிரி வெறும் இலையை மண்ணில் குத்தினால் பெரும்பாலும் அழுகத்தான் செய்யும்.

இனிப் பயன்கள். இலையை வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. அடியிலுள்ள முற்றிய இலையை அறுத்ததும் தோலுக்குக் கீழிருந்து மஞ்சள் பால் கசியும். கசப்பு நெடி அடிக்கும். உடுப்பில் பட்டால் கறை லேசில் போகாது. இலையை ஒரு கப்பில் வெட்டுவாய் கீழே பார்க்க அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு முள்ளோரங்களைச் சீவி, தோலை உரித்து, நடுவிலிருக்கும் கண்ணாடி போன்ற சோற்றைக் கழுவி எடுங்கள். அந்தச் சோற்றில் ஏறக்குறைய 99 வீதம் தண்ணீர்தான். அந்த மஞ்சள் பாலோ அலோயின் என்ற கசப்புப் பொருள் உள்ள கடும் பேதி மருந்து. அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் சித்த வைத்தியத்துக் கரியபோளம்.

"வெறும் வயித்தில குடி பிள்ளை, சூடு இறங்கும்" என்று மாமி சொன்னதால் கொஞ்சக் காலம் குடித்தேன். வயிற்றோட்டம் வந்ததைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மஞ்சள் பால் நீக்காத முழு இலைச் சாற்றை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. நான் குடிப்பதை விட்டுவிட்டேன்; மாமி விடவில்லை.

வெளிப்பூச்சுக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். வடை சுடும்போது எண்ணெய் தெறித்தால் முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு, பிறகு சோற்றைத் தடவுவேன். எரிச்சல் நன்றாக அடங்கும். கொப்புளம் வெடித்த புண்ணில் வைப்பதில்லை. கடற்கரை வெயிலில் காய்ந்த தோலுக்கும் சோற்றைத் தடவுவேன். தலைக்குத் தேய்த்தால் முடி மிருதுவாகிறது, பொடுகு போகவில்லை, முடி புதிதாக முளைக்கவும் இல்லை. முகத்தில் போட முன் முழங்கைக்குள் தடவிப் பாருங்கள், சிலருக்கு அரிக்கும்.

எடுத்த சோறு ஃபிரிட்ஜில் சில நாள்தான் தாங்கும், பிறகு நீர்த்துப் பழுப்பாகிவிடும். கடையில் பச்சைப்பசேலென்று விற்கும் ஜெல்லின் நிறம் சாயத்தால் வருவது, இலைக்குள் இருப்பதற்கு நிறமே கிடையாது. பயணம் போகும்போது மட்டும் ஒரு டியூப் எடுத்துப் போவேன், மற்றபடி சாடி போதும்.