வார்ப்பிரும்பு விறகடுப்பு: பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிரில் செலவும் மிச்சமும்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் பொழுது சாய்ந்ததும் குளிர்காற்று இறங்கி இரவு முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறது. நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் சராசரிக் கட்டணம் 2023இல் 18.65 விழுக்காடும் 2024இல் 12.74 விழுக்காடும் உயர்ந்தது. எஸ்காமிடம் வாங்கி விற்கும் நகராட்சியின் கட்டணமும் கூடவே ஏறியது. அதன் பிறகே மின்சார ஹீட்டரை நிறுத்திவிட்டு, 1853 முதல் இயங்கிவரும் டென்மார்க் நிறுவனமான மோர்சோவின் சிறிய விறகடுப்பை வரவேற்பறையில் பொருத்தினோம்.

கதவில்லாத பழைய கணப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். அறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடுதான். கண்ணாடிக் கதவை அடைத்து, உள்ளே செல்லும் காற்றை அளவாகத் திறந்துவிடும் இவ்வகை அடுப்பில், மேலெழும் புகையும் இரண்டாம் முறை எரிவதால், 70 முதல் 80 விழுக்காடு வரை அறைக்குள் வந்து சேர்கிறது. தணல் அடங்கிய பிறகும் வார்ப்பிரும்பு நெடுநேரம் சூட்டை விடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மிச்சத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் 3 யூனிட் அறைக்குக் கிடைக்கும். இரண்டு கிலோவாட் ஹீட்டரை ஐந்து மணி நேரம் போட்டால் செலவாகும் 10 யூனிட்டுக்கு ஈடாக மூன்றரைக் கிலோ விறகு போதும். ஆகவே ஒரு கிலோ விறகின் விலை மூன்று யூனிட் மின்சாரத்தின் விலையைவிடக் குறைவாக இருக்கும்வரை லாபம்தான். ஆனால் வெப்பமும் தரும் இன்வெர்ட்டர் ஏசி வீட்டில் இருந்தால் கணக்கு மாறிவிடும். அது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தைத் தந்துவிடுவதால், விறகை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு அடுப்பால் மிச்சம் கிடைப்பது அரிது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது விறகின் உலர்வுதான். எங்கள் பக்கத்தில் கிடைப்பது கருப்பு வாட்டல். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆற்றோரங்களை ஆக்கிரமித்துவிட்ட மரம் என்பதால், அதை வெட்டி எரிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. வறண்ட வடமேற்கில் வளரும் கேமல்தோர்ன் கட்டைகள் நின்று எரியும் என்றாலும், அது 1998ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட மரம். உரிமத்தோடு வெட்டப்பட்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. "காய்ந்தது" என்று சொல்லி விற்பனையாளர் ஒருவர் இறக்கிவிட்டுப் போன சுமை ஈரமாகவே இருந்தது. பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் வீணாகி, கண்ணாடி கறுத்து, புகைபோக்கியில் தார் படிந்து, நாளடைவில் அதுவே தீப்பிடிக்கவும் கூடும். விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக ஓராண்டு அடுக்கிவைத்து, ஈரமானியில் 20 விழுக்காட்டுக்குக் கீழே காட்டிய பிறகே எரிக்க வேண்டும். பள்ளத்து நகரத்தில் புகையும் கலையாமல் அண்டை வீட்டார் மூச்சில்தான் கலக்கும் என்பதால், இதில் அலட்சியம் கூடாது.

வாங்கும்போது அடுப்பின் விலையை மட்டும் பார்க்காமல், கூரையைத் தாண்டிச் செல்லும் இரட்டைச் சுவர்க் குழாய்க்கும் பொருத்தும் கூலிக்கும் சேர்த்து விலை கேளுங்கள். ஆண்டுதோறும் மே மாதத்துக்கு முன் புகைபோக்கியைத் துடைக்க வேண்டும். அதே அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும்.