சல்சா: கோட்டில் ஆடுவதா, வட்டத்தில் ஆடுவதா?

சல்சா என்ற ஜோடி நடனத்தைக் கற்க வருகிறவர் முதலில் கேட்பது, "எந்த ஸ்டைல்?" என்றுதான். "எல்லாம் ஒன்றுதான், சேருங்கள்" என்ற பதிலை நம்ப வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸின் ஆன் 1, நியூயார்க்கின் ஆன் 2, கியூபாவின் கசினோ மூன்றையும் ஒரே பாட்டுக்கு ஆடலாம். ஆனால் உடல் எந்த எண்ணில் திசை மாறுகிறது, தளத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, துணை என்ன தெரிந்து வந்திருக்க வேண்டும் என்று பார்த்தால் மூன்றும் மூன்று வழி. என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் கசினோ, பிறகு மற்றவை.

மூன்றுக்கும் பொதுவானது எட்டு எண்ணிக்கை. 1-2-3, 5-6-7 இவற்றில் அடி. 4-இலும் 8-இலும் அடி இல்லை. ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு எட்டு புதிதல்ல, சும்மா இருக்க வேண்டிய அந்த இரண்டு எண்கள்தான் பெரும்பாடு. பதற்றத்தில் 4-ஐ விழுங்கிவிட்டு 5-ஐ முன்கூட்டியே வைப்பார்கள். துணையின் கால் மிதிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆன் 1-இல், ஆட்டத்தை நடத்தும் லீட் 1-இல் இடது காலை முன்னே வைத்துத் திசை மாறுவார், 5-இல் வலது காலைப் பின்னே. பாட்டின் கனமான எண்ணிலேயே உடலும் திரும்புவதால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய நியூயார்க் ஆன் 2-இலும் அடிகள் அதே 1-2-3, 5-6-7தான். திசை மாறுவது மட்டும் 2-இலும் 6-இலும். கோங்கா என்ற கை முரசின் 'பளீர்' அடி விழுவதும் அதே இடங்களில் என்பதால், கோங்காவைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு ஆன் 2 இனிக்கும். தெரியாதவர் சில நிமிடத்தில் தன்னையறியாமல் ஆன் 1-க்கு வழுக்கிவிடுவார். இன்னொரு குழப்பமும் உண்டு: 2-3-4, 6-7-8 என்று அடி வைக்கும் பழைய முறையையும் சிலர் ஆன் 2 என்றே சொல்வார்கள். வகுப்பில் பணம் கட்டுமுன் எது என்று கேட்டுவிடுங்கள்.

இந்த இரண்டும் கோட்டு ஸ்டைல்கள். லீடைத் தொடரும் ஃபாலோ, ஏறக்குறைய ஆறேழு அடி நீளமுள்ள ஒரு கற்பனைக் கோட்டில் போய்வருவார். அடிப்படை நகர்வு கிராஸ் பாடி லீட். ஆன் 1-இல் அது இப்படி: லீட் 1-இல் முன்னே வைத்து, 2-3-இல் இடப்பக்கம் கால்வாசி வட்டம் திரும்பிக் கோட்டிலிருந்து விலகுவார், 5-6-7-இல் ஃபாலோ நேரே கடந்து மறுமுனைக்குப் போவார். வழக்கமான தப்பு, பாதி விலகி நின்றுகொண்டு கையால் இழுப்பது. வழி இல்லாமல் இழுத்தால் ஃபாலோ லீடின் தோளில்தான் மோதுவார். வழி திறந்திருந்தால் இழுக்கவே வேண்டாம்.

கசினோவில் கோடு கிடையாது. இருவரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டே ஆடுவார்கள். 1950-களில் ஹவானாவின் கசினோ டெபோர்ட்டீவோ என்ற கிளப்பில் ஜோடிகள் வட்டமாக நின்று ஆடியதிலிருந்து பெயர் வந்தது. அந்த வட்டம்தான் ருவேடா. குவாபேயா என்பது காத்திருப்பு அடி: இருவரும் 1-இல் பின்னே போய், 5-இல் முன்னே வந்து உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டுவார்கள். நடுவில் நிற்பவரோ வட்டத்தில் ஒருவரோ நகர்வின் பெயரைக் கூவுவார். 'தாமே' என்றால் ஒவ்வொரு லீடும் தன் வலப்பக்கத்து ஃபாலோவிடம் போக வேண்டும். 'தாமே தோஸ்' என்றால் ஒருவரைத் தாண்டி இரண்டாமவரிடம். ஜோடி மாறிக்கொண்டே போகும் கோலாட்டத்தைப் பார்த்தவருக்கு இதன் சுகம் புரியும்.

நான் கசினோவுக்குச் சாய்வதற்குக் காரணம் சுழல்களின் அழகல்ல. அதில் கோட்டு ஸ்டைல்தான் முன்னே நிற்கிறது. காரணம் தாளம். கோட்டு ஸ்டைல் வகுப்பிலும் துணையை மாற்றுவார்கள், ஆனால் ஆசிரியர் நிறுத்திச் சொல்லும்போது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை. ஒருவர் தாளம் தவறினால் துணையும் கூடவே தவறி, இருவரும் சேர்ந்து தப்பான எண்ணில் நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கலாம்; யாருக்கும் தெரியாது. ருவேடாவில் அது ஓடாது. ஆறு ஜோடி இருக்கும் வட்டத்தில் நீங்கள் அரை எண்ணிக்கை பிந்தினால், அடுத்த துணை கையை நீட்டிக்கொண்டு வெறுமனே நிற்பார், உங்கள் பழைய துணையை எடுக்க வந்தவர் உங்கள் முதுகில் முட்டுவார். தப்பு அந்த எட்டு எண்ணிக்கைக்குள்ளேயே தெரிந்துவிடும். சோஷியல் என்ற பொது ஆட்டக் கூடலில் தாளத்தோடு மூன்று நகர்வு தெரிந்தவரை மறுபடி ஆடக் கூப்பிடுவார்கள். தாளமில்லாமல் முப்பது தெரிந்தவரைக் கண்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, மறைக்கக் கூடாது. கூவும் பெயர் ஃபாலோவின் காதிலும் விழுகிறது. 'என்சூஃப்லா' என்றதும் லீட் கையை உயர்த்தும் முன்பே அவர் திரும்பிவிடுவார். ஆகவே லீடின் கை சொல்வது தெளிவா, மங்கலா என்பது வட்டத்தில் தெரியாமலே போய்விடும். ஓராண்டு ருவேடா ஆடியவர், தனி ஜோடியாக விட்டதும் அடுத்து என்ன செய்வதென்று உறைந்து நிற்பது இதனால்தான். வகுப்பு நேரத்தில் பாதியையாவது கூவல் இல்லாத ஜோடி ஆட்டத்துக்கு ஒதுக்கும் இடமாகப் பாருங்கள். இல்லையென்றால் என் சிபாரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிறகு மாறுவதும் கடினமல்ல. கசினோவின் 'தீலே கே நோ' என்ற நகர்வும் கிராஸ் பாடி லீடும் உடன்பிறப்புகள், ஒன்று வளைவாகவும் மற்றது நேராகவும் போகும், அவ்வளவே. கசினோவிலிருந்து வரும் ஃபாலோவுக்குத் துணையைச் சுற்றி நடக்கும் பழக்கத்தை விடச் சில வாரம் ஆகும். ஒரே கால்மாற்றில் இரண்டு மூன்று சுழல் போடுவதை மட்டும் அடியிலிருந்து கற்க வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும்.

மரியாதை முறைகளும் இந்த இட வித்தியாசத்திலிருந்தே வருகின்றன. கோட்டு ஸ்டைல் தளத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். நுழையுமுன் பக்கத்து ஜோடி எந்தப் பக்கம் போய்வருகிறது என்று பார்த்து அதற்கு இணையாக நில்லுங்கள். குறுக்கே நின்றால் குதிகால் மிதி நிச்சயம். அந்தத் தளத்தில் கசினோ ஆட ஆசைப்பட்டால் மூலைக்குப் போய்விடுவது நல்லது, நடுவில் சுற்றினால் இரண்டு பக்கக் கோடுகளையும் வெட்டுவீர்கள்.

நியூயார்க் பாணியில் லீட் நடுவில் கையை விட்டுவிடுவது உண்டு. அது கோபமல்ல, ஷைன்ஸ்: இருவரும் தனித்தனியாகக் கால்வேலை காட்டும் நேரம். தெரியாதென்றால் அடிப்படை அடியையே போட்டுக்கொண்டு துணையைப் பாருங்கள். தலையைக் குனிந்து கால்களைப் பார்ப்பதுதான் மோசம். ருவேடாவில் ஓடும் வட்டத்துக்குள் பாட்டு நடுவே புகக் கூடாது. துணையைத் தவறவிட்டால் கையை உயர்த்தி நடுவுக்கு வாருங்கள், தனியாக நிற்கும் இன்னொருவர் கண்ணில் படுவார்.

எங்கேயும் செல்லும் விதிகள்: ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி விடுவது. "வேண்டாம்" என்றவரிடம் காரணம் கேட்காமல் இருப்பது. அதே பாட்டுக்கு ஒருவரை மறுத்துவிட்டு இன்னொருவரோடு எழாமல் இருப்பது. கேட்காமல் பாடம் எடுக்காமல் இருப்பது. ஆனால் வலித்தால் நடுப்பாட்டிலும் சொல்லியே ஆக வேண்டும். அறிமுகமில்லாதவரைப் பின்பக்கம் சாய்க்காதீர்கள், அவர் முதுகின் நிலை உங்களுக்குத் தெரியாது. பிடியில் கட்டைவிரலை அழுத்தக் கூடாது. விரல்கள் கொக்கி போல இருந்தால் போதும், கை உள்ளே சுழல வேண்டும். கசினோவின் செதெந்தா என்ற நகர்வில் ஃபாலோவின் ஒரு கை முதுகுக்குப் பின்னே மடங்கும். அது இடுப்பு மட்டத்துக்கு மேல் ஏறினால் தோள் பிடித்துக்கொள்ளும்.

கொலம்பியாவின் கலி நகர ஸ்டைலைப் பற்றிக் கொஞ்சமே சொல்வேன். அங்கே 33 வேக இசைத்தட்டுகளை 45-இல் ஓடவிட்டு ஆடியதில் பிறந்த மின்னல் கால்வேலை அது. பார்க்கப் பரவசம்; முதல் பாடமாக எடுத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை, ஆகவே தீர்ப்பு சொல்லவில்லை.

செருப்புக் கணக்கும் ஒன்று உண்டு. கசினோவுக்குத் தேய்ந்த கேன்வாஸ் ஷூ போதும். கோட்டு ஸ்டைல் சுழல்களுக்கு ரப்பர் அடிப்பாகம் ஆகாது: பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடல் மட்டும் திரும்பி முட்டி முறுக்கும். மெல்லிய ஸ்வேட் தோல் அடி கொண்ட நடன ஷூ வாங்கினால் அதைத் தெருவில் போடாதீர்கள், ஈரத்தில் வைக்காதீர்கள். அடிப்பாகம் பளபளத்து வழுக்கத் தொடங்கினால் கம்பி பிரஷால் ஒரே திசையில் நாலு இழுப்பு இழுங்கள், பிடிப்பு திரும்பிவிடும்.